வள்ளல் அழகப்பர்: ரங்கூன் செல்வமும் மழலைக் கல்வியும்

நம் பெரியோர் வரலாற்று வரிசையில் இம்முறை நாம் எடுத்துக்கொள்வது, கோட்டையூர் தந்த கொடைவள்ளல் டாக்டர் ராம. அழகப்பச் செட்டியார் அவர்களின் வாழ்க்கை. அவர் பெயரைத் தாங்கிய கல்லூரிகளை நம் குடும்பங்களில் பலர் அறிவர். அங்கு படித்தவர்களும் நம்மிடையே இருக்கக்கூடும். ஆனால் ஒரு குடும்பத்தின் செல்வம் எப்படி ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளின் கல்வியாக மாறியது, அதற்கும் நம் யாங்கோனுக்கும் என்ன தொடர்பு என்பதை இளைய தலைமுறையினர் அதிகம் அறிந்திருக்க வாய்ப்பில்லை. சிறிய அளவிலேனும் குடும்ப அறக்கட்டளை வைத்துச் சின்னஞ்சிறு பிள்ளைகளின் படிப்புக்கு உதவ நினைக்கும் அன்பர்களுக்கு இந்த வரலாறு பயன்படும் என்று நம்புகிறோம்.

மொகல் தெருவும் மகமைக் கணக்கும்

இன்று யாங்கோனில் ஷ்வேபோந்தா தெரு என்று வழங்குவது, ஆங்கிலேயர் காலத்தில் மொகல் தெரு. அந்நாளில் அங்கே வரிசையாக நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல விலாசங்களின் பெட்டியடிகள். தரையில் பாய் விரித்து, மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு கணக்கெழுதுவார்கள். இரவில் அதே இடத்தில் படுத்து உறங்குவார்கள். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைவிக்கப் பணம் தேவைப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை கிடைத்தது. உழவர்களுக்கு வேண்டிய முதலைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் செட்டிநாட்டார். 1929-30இல் பர்மா அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு, நாடு முழுவதும் ஏறக்குறைய 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது.

இந்தக் கடைகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கணக்கைத் தொடங்கும்போதே கடவுள் பெயரில் வரவு வைப்பார்கள். வரும் ஆதாயத்தில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்குவார்கள். அது தனிக்கணக்கில் ஏறும். அதற்கும் வட்டி கட்டப்படும். கடை முதலாளியே ஆனாலும் அந்தப் பணத்தைச் சொந்தச் செலவுக்குத் தொடமாட்டார். இப்படிச் சேர்ந்த பணம்தான் ரங்கூனிலும் கழிமுகத்துச் சிற்றூர்களிலும் தண்டாயுதபாணி கோயில்களாகவும், தாய்நாட்டில் திருப்பணிகளாகவும், சத்திரங்களாகவும், வேதபாடசாலைகளாகவும் உருவெடுத்தது. குடும்ப அறக்கட்டளை என்று இன்று நாம் சொல்வதன் வித்து இந்த மகமைக் கணக்கில் இருக்கிறது.

ஆனால் அந்த அறத்தில் சிறு பிள்ளைகளின் படிப்புக்கு இடம் குறைவாகவே இருந்தது. நகரத்தார் வீட்டுப் பையன் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்துப் பயின்று, எண்சுவடியை ஒப்பித்து, முந்திரி, காணி, மா என்று கீழ்வாய் இலக்கக் கணக்கைப் பழகிக்கொள்வான். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அவ்வளவு நுட்பமாக வட்டி போடக் கற்றபின், பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கொண்டுவிக்கக் கப்பலேறிவிடுவான். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாகி ஊர் திரும்புவான். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்புகூட இல்லை. இந்தச் சூழலில் பிறந்தவர்தான் நம் அழகப்பர்.

கோட்டையூர்ப் பிள்ளை

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாக 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அழகப்பர் பிறந்தார். வழக்கம்போல் அவரும் பெட்டியடிக்குப் போயிருக்கலாம். ஆனால் அவருக்கு நாட்டம் படிப்பில் இருந்தது. காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். நகரத்தார் சமூகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே என்பர்.

பின்னர் லண்டன் சென்றார். சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். வட்டிக் கடை மரபில் வந்த ஓர் இளைஞர் 1930களின் தொடக்கத்தில் இத்தனையும் கற்றது பெரிய செய்தி. ஆனால் அந்த இளமையிலேயே தொழுநோய் அவரைப் பற்றியது. அந்நாளில் அதற்கு இன்றுள்ளதுபோல் முழுக் குணம் தரும் மருந்து கிடையாது. நோயைவிட அதனால் வரும் ஒதுக்கலே கொடியது. கைகுலுக்கத் தயங்குவார்கள். பந்தியில் உடன் அமரத் தயங்குவார்கள். இத்தகைய நோயைச் சுமந்தபடி ஒருவர் வீட்டுக்குள் ஒடுங்கிவிடாமல் பொதுவாழ்வில் நின்றார் என்பதை நாம் மறக்கலாகாது. பின்னாளில் அவர் கொடுத்த கொடைகளின் பின்னணியில், தமக்குக் காலம் அதிகமில்லை என்ற உணர்வும் இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

தொழில் விரிந்த விதம்

தாய்நாடு திரும்பிய அழகப்பர் வட்டித் தொழிலோடு நிற்கவில்லை. பணத்தை ஆலைகளில் முடக்கினார். 1937இல் கொச்சி சமஸ்தானத்தில், திருச்சூர் அருகே நூற்பாலை ஒன்றை நிறுவினார். அந்த இடம் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், கல்கத்தாவில் காப்பீட்டு நிறுவனம், பம்பாயில் ஓட்டல், சென்னையில் திரையரங்கு, பங்குத் தரகு நிறுவனம் என்று அவர் தொழில்கள் பரவின. ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். ஆங்கில அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றதும் அதை அவர் துறந்துவிட்டார்.

ரங்கூன் தந்த பாடம்

இவ்விடத்தில் ரங்கூன் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1930இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. நெல் விலை சரிந்தது. பர்மிய உழவர்களால் வட்டியும் கட்ட முடியவில்லை, அசலும் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செட்டியார் கடைகளின் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய 13 நெல் மாவட்டங்களில், 1930இல் 100க்கு 6 பங்காக இருந்த அவர்களின் நிலவுடைமை 1938இல் 100க்கு 25 பங்காயிற்று. கடை முதலாளிகள் விரும்பியது பணம், வந்தது நிலம். உழவனுக்கோ பாட்டன் காலத்து நிலம் போயிற்று. அந்த மனக்காயம் ஆழமானது. இதை மறைத்து நம் முன்னோரின் பெருமையை மட்டும் பேசுவது முறையாகாது. நம் கோயில்களைக் கட்டிய பணத்தில் அந்த உழவரின் வியர்வையும் இருந்தது.

பிறகு போர் வந்தது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், அரக்கான் வழியாகவும், மணிப்பூர் மலைகளைக் கடந்து கால்நடையாகவும் வெளியேறினர். வழியில் மாண்டவர் பல்லாயிரம். பெட்டியடிக் கணக்குகளும் நிலப் பத்திரங்களும் கைவிடப்பட்டன. 1948இல் பர்மா விடுதலை அடைந்த அதே ஆண்டில் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. மூன்று தலைமுறை உழைத்துச் சேர்த்த சொத்து பல குடும்பங்களுக்குக் காகிதமாக மட்டும் மிஞ்சியது.

செட்டிநாட்டில் பெரிய பெரிய வீடுகள் இருந்தன. அவற்றுக்குப் பர்மாத் தேக்குத் தூண்கள் இருந்தன. ஆனால் வருவாய் இல்லை. ரங்கூனுக்குப் போகப் பழக்கிய பிள்ளைகளுக்கு இனிப் போக ஊர் இல்லை. வேறு வேலைக்குப் படிப்பும் இல்லை. அந்நாளில் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த அந்த வறண்ட பகுதியில் ஒரு கல்லூரி கூடக் கிடையாது. நிலமும் பொன்னும் ஒரு நாளில் போய்விடும், பிள்ளைக்குக் கொடுத்த படிப்பு போகாது என்ற உண்மையை அச்சமூகம் இப்படிப் பட்டுத்தான் அறிய நேர்ந்தது. மற்றவர்கள் இழந்ததை எண்ணிக் கொண்டிருந்தபோது, அந்தப் பாடத்தைச் செயலாக்க முற்பட்டவர் அழகப்பர்.

முப்பத்தொன்பது நாளில் ஒரு கல்லூரி

அதற்கு முன்பே அவர் கொடைக்குப் பழகியவர்தான். 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்ச ரூபாய் வழங்கினார். கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி அந்தக் கொடையால் எழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்விக்கும் 5 லட்சம் கொடுத்தார். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சிக்கு 1 லட்சம் கொடுத்தார். அந்நாளைய 1 லட்சம் என்பது இன்று எத்தனை மடங்கு என்பதை அன்பர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

1947 ஜூலை 3ஆம் நாள் சென்னை மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் அன்னிபெசன்ட் அம்மையார் நூற்றாண்டு விழா நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, விடுதலை பெறப்போகும் நாட்டில் சிற்றூர்ப் பகுதிகளிலும் கல்லூரிகள் தோன்றவேண்டும், செல்வர்கள் முன்வரவேண்டும் என்று வேண்டினார். அவையில் இருந்த அழகப்பர் அங்கேயே 1 லட்ச ரூபாய் அறிவித்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்க இசைந்தார். ஆகஸ்ட் 11ஆம் நாள் காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. வாக்குக் கொடுத்ததற்கும் மணி அடித்ததற்கும் இடையே 39 நாட்கள். நாட்டு விடுதலைக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் முதலில் கட்டிடம் எழுப்பிப் பிறகு மாணவரைத் தேடவில்லை. கிடைத்த இடத்தில் வகுப்பைத் தொடங்கினார். கட்டிடங்கள் பின்னால் வந்தன. அறக்கட்டளை நடத்துவோர் பலர் கட்டிட நிதி திரட்டுவதிலேயே ஆண்டுகளைக் கழித்து விடுவதை நாம் கண்டிருக்கிறோம். நான்கு வயதுக் குழந்தை, கட்டிடம் முடியும்வரை நான்கு வயதிலேயே நிற்காது.

மழலையர் முதல் பொறியியல் வரை

கல்லூரி ஒன்றோடு அழகப்பர் நிறுத்தியிருந்தால் அவர் ஒரு கல்லூரி நிறுவனராகவே நினைக்கப்படுவார். ஆனால் அவர் கண்டது வேறு. கல்லூரிக்கு வரவேண்டிய மாணவனுக்கு நல்ல உயர்நிலைப் பள்ளி வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கு நல்ல ஆரம்பப் பள்ளி வேண்டும். ஆரம்பப் பள்ளிக்கு வருமுன் குழந்தையின் கையும் கண்ணும் காதும் பழகியிருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். ஆகவே 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது. தொழில்நுட்பப் பயிலகம், உடற்கல்விக் கல்லூரி, பெண்களுக்கான கல்வி நிலையங்கள், மாதிரிப் பள்ளி, தயாரிப்புப் பள்ளி, மாண்டிசோரி முறை மழலையர் பள்ளி என்று, எல்லா வயதினருக்கும் இடமுள்ள ஒரு கல்வி வளாகமாக அந்தச் செம்மண் பொட்டல் மாறியது. மழலையர் பள்ளியில் கால்வைத்த குழந்தை அதே வளாகத்தில் பொறியாளராகி வெளிவரலாம் என்ற நிலை, அந்நாளில் பெருநகரங்களிலும் அரிது.

மாண்டிசோரி முறை பற்றி இங்கே சில சொல்ல வேண்டும். மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலி நாட்டு மருத்துவர். 1907 ஜனவரி 6ஆம் நாள் ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். குழந்தைக்குப் பாடம் திணிக்க வேண்டியதில்லை, தக்க பொருள்களைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து ஒழுங்கான சூழலை அமைத்தால் அதுவே கற்றுக்கொள்ளும் என்பது அவர் கண்ட உண்மை. 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் அம்மையார் சென்னை வந்தார். போர் மூண்டதால் இத்தாலியர் என்ற காரணத்துக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகி, 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பிற ஊர்களிலும் அவர் நடத்திய வகுப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். தமிழ்நாட்டில் மழலையர் கல்வி வேரூன்றிய வரலாறு இதுதான். அம்மையாரை அழைத்த அந்தச் சபைக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர் அன்னிபெசன்ட். அவருடைய நூற்றாண்டு விழாவில்தான் காரைக்குடிக் கல்லூரியும் கருக்கொண்டது. இரண்டு ஓடைகள் ஒரே ஊற்றிலிருந்து வந்து செட்டிநாட்டில் கலந்தன எனலாம்.

நம் தாய்மார்கள் இம்முறையை அந்நியம் என்று எண்ண வேண்டியதில்லை. மாண்டிசோரி வகுப்பில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவிப் பழகும். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினார்கள். விஜயதசமி அன்று நம் கோயிலில் அரிசியில் அகரம் எழுதுவிக்கிறோம். அங்கே மணிகளைக் கோத்து எண்ணுவார்கள். நம் பாட்டிமார் புளியங்கொட்டையும் சோழியும் வைத்து எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். விரல் அறிந்ததை மூளை மறவாது என்பதை நம்மவர் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். வேறுபாடு என்னவென்றால், திண்ணையில் பிரம்பு இருந்தது. மாண்டிசோரி வகுப்பில் பிரம்பு இல்லை.

நாட்டுக்குக் கொடுத்தது

விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வுக்கூடங்களை எங்கெங்கு நிறுவுவது என்று ஆராய்ந்தபோது, அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தர முன்வந்தார். அதனால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஒரு பெருநகரத்துக்குப் போகாமல் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் திருநாளன்று, ஜனவரி 14ஆம் நாள், குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். முதலாளியாக இருந்தும் சமதர்ம மனம் படைத்தவர் என்று நேரு அவரைப் போற்றியதாகச் சொல்வர்.

இந்த ஆய்வகத்தில் அழகப்பர் குடும்பத்துக்கு உரிமை ஏதும் இல்லை. அது நாட்டின் சொத்து. கொடுத்தபின் பிடித்து வைத்துக்கொள்ளாமை அவருடைய தனிக்குணம். பெண்கள் கல்விக்கு இடம் தேவைப்பட்டபோது தாம் வாழ்ந்த மாளிகையையே கொடுத்துவிட்டார். செட்டிநாட்டில் வீடு என்பது வெறும் இருப்பிடமன்று. பங்காளிகள் கூடும் இடம், படைப்பு நடக்கும் இடம், குலத்தின் அடையாளம். அதைக் கொடுப்பது பணம் கொடுப்பதைவிடக் கடினம் என்பதை நம் பெரியவர்கள் உணர்வார்கள்.

கொடை பெருகப் பெருகத் தொழிலில் தளர்ச்சி வந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வாணிபம் முன்போல் இல்லை. 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. உடலும் நலிந்துகொண்டே வந்தது. ஆனாலும் கல்வி நிலையங்களுக்கு ஒதுக்கியதை அவர் திரும்ப எடுக்கவில்லை. பழைய மகமைக் கணக்கின் விதி அதுதானே! ஒதுக்கிய பணம் தெய்வத்துக்கு உரியது. இவர் தெய்வத்தின் இடத்தில் பிள்ளைகளை வைத்தார். அவ்வளவே வேறுபாடு. இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

1957 ஏப்ரல் 5ஆம் நாள், தமது 48ஆம் பிறந்த நாளுக்கு முதல் நாள், அழகப்பர் சென்னையில் காலமானார்.

குடும்பம் ஏற்ற பொறுப்பு

பெரிய மனிதர் மறைந்தபின் அவர் தொடங்கிய அறம் தளர்ந்துவிடுவது நாம் பல இடங்களில் காணும் துயரம். இங்கே அப்படி நேரவில்லை. கல்வி அறக்கட்டளை இருந்தது. மகள் உமையாளும் குடும்பத்தாரும் அதன் பொறுப்பைத் தாங்கினார்கள். 1985இல் தமிழ்நாடு அரசு சட்டமியற்றி அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது. கல்லூரிகளில் சில அரசின் பொறுப்பிலும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலும் சென்றன. குடும்ப அறக்கட்டளை பள்ளிகளை நடத்தும் பணியைத் தொடர்ந்தது. பெரியதைப் பொதுமக்களிடம் ஒப்படைத்து, தங்கள் சக்திக்கு உட்பட்டதைத் தாங்களே கவனிப்பது நல்ல ஏற்பாடு. ஒரு குடும்பம் ஒரு பல்கலைக்கழகத்தை என்றென்றும் தாங்க முடியாது. ஒரு மழலையர் பள்ளியைத் தாங்க முடியும்.

இதே ஆண்டுகளில் பர்மாவில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1962இல் இராணுவ ஆட்சி வந்தது. 1963இலும் 1964இலும் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. லட்சக்கணக்கான இந்தியர், பெரும்பாலோர் தமிழர், பெட்டி படுக்கையோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். தொடர்ந்து தனியார் பள்ளிகளும் நாட்டுடைமை ஆயின. நம்மவர் நடத்திய பள்ளிகளும் அவற்றோடு போயின. மிஞ்சியவை கோயில்கள். தமிழ் எழுத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பணி கோயில் மண்டபங்களுக்கு வந்தது. எத்தனையோ ஆண்டுகள் ஊதியம் வாங்காமல் மாலை நேரங்களில் அகரம் கற்பித்த அன்பர்களால்தான் இந்த நாட்டில் தமிழ் இன்னும் நாவில் இருக்கிறது. அவர்களும் தம்மளவில் அழகப்பர்களே.

நாம் செய்யக்கூடியது

மியன்மாரில் 2016ஆம் கல்வியாண்டு முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பு அரசுப் பள்ளியில் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய மூன்று, நான்கு வயதுதான் பெரும்பாலும் கவனிப்பாரற்று இருக்கிறது. வேலைக்குப் போகும் தாய், பிள்ளையைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுச் செல்கிறாள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. பள்ளிக்குப் போகும் முதல் நாளில் ஆசிரியை சொல்வது பிள்ளைக்குப் புரிவதில்லை. பின்தங்குவது அங்கேதான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பில் தனிப்பயிற்சி வைத்து அதைச் சரிசெய்ய முயல்கிறோம். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

இதற்கு லட்சங்கள் தேவையில்லை. நம் குடும்பங்களில் பெற்றோர் நினைவாகவோ மணிவிழாவை ஒட்டியோ சிறு அறக்கட்டளை வைக்க எண்ணுவோர் உண்டு. அழகப்பர் வாழ்விலிருந்து அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லக்கூடியவை சில.

முதலாவது, தொகை எதுவாயினும் தனிக்கணக்கு வேண்டும். மகமைக் கணக்குப் போல, வீட்டுச் செலவோடு கலவாமல், ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க வேண்டும். கணக்கு மூடியிருக்கும் அறக்கட்டளையில் அண்ணன் தம்பிக்குள்ளேயே ஐயம் வந்துவிடும்.

இரண்டாவது, இருக்கும் இடத்தில் தொடங்குவது. கோயில் மண்டபம் காலையில் காலியாகத்தான் இருக்கிறது. பாய், கரும்பலகை, மணல் தட்டு, எண்ணுவதற்கு விதைகள், படப் புத்தகங்கள், குடிக்க நல்ல தண்ணீர், சுத்தமான கழிப்பிடம் இருந்தால் பதினைந்து பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தலாம்.

மூன்றாவது, பணத்தின் பெரும்பகுதியை ஆசிரியைக்குச் செலவிடுவது. கல்லூரி தொடங்கிய மூன்றாம் ஆண்டிலேயே அழகப்பர் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் செய்தார். மழலையர் வகுப்பில் ஆசிரியையே எல்லாம். அவரைப் பயிற்சிக்கு அனுப்பி, குடும்பம் நடத்தப் போதிய ஊதியம் கொடுத்தால் அவர் நிலைத்து நிற்பார். ஆண்டுதோறும் ஆசிரியை மாறும் வகுப்பில் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்காது.

நான்காவது, நம் பிள்ளைகளோடு அண்டை வீட்டுப் பர்மியப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது. ரங்கூன் கடைகளின் கதை நமக்குச் சொல்லும் பாடம் இது. நம் செல்வம் இந்த மண்ணில் விளைந்தது. இம்மண்ணின் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. மூன்று வயதில் சேர்ந்து விளையாடிய பிள்ளைகள் முப்பது வயதில் ஒருவரையொருவர் அந்நியராகப் பார்க்க மாட்டார்கள்.

ஐந்தாவது, அடுத்தவரை இப்போதே தயார்செய்வது. பொறுப்பு முழுவதையும் ஒரே முதியவர் தலையில் வைத்திருந்தால், அவர் கண் மூடும் நாளில் வகுப்பும் மூடப்படும். மகளையும் மருமகனையும் இளைய உறவினரையும் கூட்டத்துக்கு அழைத்து, ஆளுக்கொரு வேலை கொடுத்துப் பழக்க வேண்டும்.

அழகப்பரின் பர்மாச் சுரங்கத்தை இன்று யாரும் நினைப்பதில்லை. மொகல் தெருவின் பெயரும் மாறிவிட்டது. காரைக்குடியில் பள்ளி மணி இன்றும் அடிக்கிறது. வரும் ஏப்ரல் 6ஆம் நாள் வள்ளலின் பிறந்த நாள். அன்று நம் இல்லங்களில் அவரை நினைத்துக்கொள்ளும்போது, நம் மண்டபத்தில் பாய் விரிக்க யார் முன்வருகிறார்கள் என்பதையும் பேசி முடிவு செய்வோமாக. மழலையர் வகுப்புக்கு நேரமோ பொருளோ தர விரும்பும் அன்பர்கள் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பின் சங்க நிர்வாகிகளிடம் தெரிவிக்க அன்புடன் வேண்டுகிறோம்.